விரிசலைக் காட்டிக் கொடுக்கும் அலை

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரை)



சந்தையில் பானை வாங்கும் நம் பெண்கள் முதலில் என்ன செய்கிறார்கள்? தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்றால் நல்ல பானை. ஓசை கெட்டிருந்தால் விரிசல் பானை. ரயில்வேத் தொழிலாளி சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்த்ததும் இதே வித்தைதான். விஞ்ஞானம் இன்று இதையே நுணுக்கமாகச் செய்கிறது.

கண்ணாடி, பீங்கான், வார்ப்பிரும்பு ஆகியவை வளைந்து கொடுக்காதவை. மயிரிழை விரிசல் போதும், பாரமெல்லாம் அதன் நுனியில் குவியும், திடீரென்று உடையும். எஃகுத் தண்டவாளமும் விரிசல் ஆழமானால் நொறுங்கிப் போகும்.

இந்த விரிசல் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. மேற்பரப்பை ஒட்டியே ஊர்ந்து செல்லும் அலை உண்டு என்று 1885இல் ராலே பிரபு கணக்குப் போட்டுக் காட்டினார். எஃகில் அது விநாடிக்குச் சுமார் 3,000 மீட்டர் ஓடும். விநாடிக்கு 30 லட்சம் முறை அதிரச் செய்தால் அலையின் நீளம் 1 மில்லிமீட்டர். ஏறக்குறைய அவ்வளவு ஆழமே அது இறங்கும். வழியில் விரிசல் இருந்தால் ஒரு பகுதி திரும்பி வரும். மறுபகுதி அப்பால் போகும்.

திரும்பி வந்த நேரம் விரிசலின் இடத்தைச் சொல்லும். ஆழத்தை எப்படி அறிவது? தண்டவாளத்தை எல்லாம் அறுத்துப் பார்க்க முடியுமா? இங்கேதான் கம்ப்யூட்டர் உதவுகிறது. வயலைப் பாத்தி பிரிப்பதுபோல் பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஓர் அலை நீளத்துக்குள் பத்துக் கட்டமாவது வேண்டும். ஒரு கட்டம் அசைந்தால் அடுத்ததை எவ்வளவு தள்ளும் என்று கணம் கணமாகக் கணக்கிடுகிறார்கள். விரிசல் உள்ள இடத்தில் கட்டங்களின் பிணைப்பை அறுத்து விடுகிறார்கள். ஆழத்தை மாற்றி மாற்றி ஓட்டினால், எந்த ஆழத்துக்கு எவ்வளவு அலை திரும்பும், எவ்வளவு அப்பால் போகும் என்பது தெரிந்துவிடும். பிறகு, அளந்து வெட்டிய விரிசலுள்ள துண்டில் சோதித்துக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

கணக்கும் கருவியும் மட்டும் போதுமா?

2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தில் ஹாட்ஃபீல்டு அருகே ரயில் தடம் புரண்டு 4 பேர் மாண்டனர். மேற்பரப்பு விரிசல்கள் முற்றிய தண்டவாளம் 300 துண்டுகளுக்கு மேல் சிதறியது. அதை மாற்ற வேண்டும் என்பது முன்பே தெரியும்! மாற்றுத் தண்டவாளமும் தயாராக இருந்தது! மாற்றவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. அன்று பாதை தனியார் கம்பெனி வசம் இருந்தது.

தோழர்களே, அலை விரிசலைக் காட்டும், வண்டியை நிறுத்தாது. அதை மனிதன்தான் செய்ய வேண்டும். ஆகவே, உங்கள் ஆலையில் எந்த யந்திரம் எப்போது சோதிக்கப்பட்டது, என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள் என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்!