பதினாறு மணி நேரம் என்று சொன்ன கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில். வேலை பார்ப்பது சான் பிரான்சிஸ்கோவில். அமெரிக்காவுக்குக் கிளம்பும் முன் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எத்தன தூரம் கண்ணு? அவசரம்னா எத்தன மணி நேரத்துல வந்து சேருவே?"

நான் எஞ்சினியர் அல்லவா! உலக உருண்டையை எடுத்து, கோவைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். சுவரில் மாட்டும் படத்தில் மேற்கே கடல் கடந்து போவதுதான் வழி போலத் தோன்றும். நூலோ வடக்கே ஏறி, சீனா, சைபீரியா, அலாஸ்கா பக்கமாய் இறங்கும். உருண்டையின் மேல் அதுவே குறுக்கு வழி. சுமார் 14,240 கிலோமீட்டர். விமான வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர். வகுத்தேன். "பதினாறு மணி நேரமுங்கப்பா" என்றேன்.

கணக்கில் தப்பில்லை. 2021 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம், வடதுருவம் வழியாகப் பறந்து சுமார் 17 மணி நேரத்தில் பெங்களூரில் இறங்கியது. ஆனால் கோவைக்கு அப்படி நேர் விமானம் கிடையாது. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

2023-ல் ஒரு நாள் அம்மாவிடமிருந்து போன். அப்பா தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காங்கயத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்யலாம் என்றாராம் டாக்டர். அப்பா சம்மதிக்கவில்லை. "பையன் பதினாறு மணி நேரத்துல வந்துருவானுங்க. மூஞ்சியப் பாத்துட்டுப் படுத்துக்கறன்" என்று சொல்லிவிட்டார்.

டிக்கெட் கிடைக்கவே 8 மணி நேரம். விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருந்தது 4. சிங்கப்பூர் வரை 13,600 கிலோமீட்டர், 17 மணி நேரம். அங்கே அடுத்த விமானத்துக்காக 6. கோவை வரை 4. இறங்கி, பெட்டி வாங்கி, பல்லடம் வழியாகக் காங்கயம் போக 3. மொத்தம் 42 மணி நேரம். பறந்த தூரமும் நூல் காட்டியதைவிட 2,500 கிலோமீட்டர் அதிகம்.

அத்தனை நேரமும் அப்பா வலியோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். எலும்பு முறிவில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்று டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாய் முடிந்தது. கண் விழித்ததும் அப்பா சொன்னார்: "நாப்பத்திரண்டு மணி நேரம்னா அதச் சொல்லு கண்ணு. அதுக்குத் தக்கன நாங்க முடிவு பண்ணிக்குவம்."

வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களே, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம் என்று இன்றே கணக்குப் போடுங்கள். அதைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், வைத்தியத்தை ஆரம்பியுங்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்பா இப்போது கைத்தடி ஊன்றித் தோட்டத்துக்குப் போய் வருகிறார். உலக உருண்டை அலமாரியில் இருக்கிறது. நூலை மட்டும் எடுத்துவிட்டேன்.