நம்பிக்கை தளராமை
(சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் எம்மைக் கேட்டபோது நாம் முதலில் தயங்கினோம். விழா மேடையில் நின்று சோர்வைப் பரப்புவது முறையாகுமா என்ற ஐயமே எம்மைத் தடுத்தது. ஆயினும் அச் சோர்வு ஏற்கெனவே எம்மிடையே புகுந்துவிட்டது. அதனை மறைத்துப் பயன் என்ன? ஆதலின் அதனைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வாப் புயல் எமது நாட்டைத் தாக்கியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில் சர்வகலாசாலை மாணவராகிய நாம் அரிசியும் உடுப்பும் சேர்த்து மூட்டை கட்டினோம். வேலை முடிந்த ஓர் இரவில் எம்முள் ஒருவர் கூறினார்: "நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டே இருப்பம், பெரிய நாடுகள் புகையை விட்டுக்கொண்டே இருக்கும். எங்கட படிப்பாலை இதிலை என்ன ஆகப்போகுது?" அங்கிருந்த எவரும் மறுமொழி கூறவில்லை. நாமும் கூறவில்லை. இன்றைய பேச்சை, அக் கேள்விக்கு நாம் காலந்தாழ்த்திக் கூறும் மறுமொழியாகக் கொள்ளுங்கள்.

முதலில் அந்த நண்பர் பக்கத்து நியாயத்தை ஒளியாமல் ஒப்புக்கொள்வோம். ஒரு தனிப் புயலில் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று கணிப்பது விஞ்ஞானிகளின் வேலை. ஆனால் வளியின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பதும், அந்நீராவியே பெருமழையாகக் கொட்டும் என்பதும் ஐயமற்ற பௌதிகம். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது, வளியின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 315 பங்காக இருந்தது. இப்பொழுது அது 420ஐயும் கடந்துவிட்டது.

இவ்வளவும் அறியாமையால் நேர்ந்ததா? இல்லை. 1992இலேயே றியோ நகரில் உலக நாடுகள் கூடிக் காலநிலைச் சமவாயத்தில் கைச்சாத்திட்டன. 2009இல் கோப்பன்ஹேகன் மாநாட்டில், 2020 அளவில் வறிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் 100 பில்லியன் டொலர் திரட்டுவதாகச் செல்வந்த நாடுகள் வாக்களித்தன. அத்தொகை 2022இல் தான் எட்டப்பட்டது. 2015இல் பாரிஸ் உடன்படிக்கை, வெப்ப உயர்வை 2 பாகைக்கு நன்கு கீழே வைத்திருக்கவும் 1.5 பாகைக்குள் நிறுத்த முயலவும் வேண்டும் என்றது. 2024ஆம் ஆண்டு, அந்த 1.5 பாகையைத் தாண்டிய முதல் ஆண்டாகப் பதிவாயிற்று. 2025 சனவரியில் அமெரிக்க அரசு பாரிஸ் உடன்படிக்கையினின்றும் இரண்டாவது முறையாக விலகுவதாக அறிவித்தது.

அரசியல் என்பது இதுதான். நான்கைந்து ஆண்டுகளில் வரும் தேர்தலை நோக்கும் கண்ணுக்கு நூறாண்டுகளில் வரும் கடல் தெரிவதில்லை. நிலக்கரியிலும் பெற்றோலியத்திலும் இலாபம் காண்பவர்களுக்குத் தாமதமே வருமானம். துன்பத்தை விளைவித்தோர் ஓரிடத்தில், அனுபவிப்போர் வேறோரிடத்தில். இவற்றையெல்லாம் கண்டபின் ஒருவர் மனந்தளர்ந்தால் அவரைக் கோழை என்று நாம் கூறமாட்டோம்.

ஆனால், எமது நிலையிலும் இடர்மிக்க நிலையில் இருந்த சில மாணவரின் கதையை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அவர்கள் செய்ததை அறிந்த பின்னரே எமக்கு அந்த இரவின் கேள்விக்கு மறுமொழி கிடைத்தது.

தென் பசுபிக் சமுத்திரத்திலே வனுவாட்டு என்றொரு நாடு உண்டு. ஏறத்தாழ 80 தீவுகள். குடிசனம் ஏறக்குறைய 3 இலட்சம். பிரித்தானியாவும் பிரான்சும் கூட்டாக ஆண்ட அத்தீவுகள் 1980இல் சுதந்திரம் பெற்றன. 2015இல் பாம் சூறாவளி அந்நாட்டைச் சிதைத்தது. 2020இல் ஹரோல்ட் வந்தது. 2023 மார்ச் மாதத்திலோ ஜூடி, கெவின் என்னும் இரு சூறாவளிகள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வந்தன.

இந்நாடு நெடுங்காலமாகவே குரல் எழுப்பி வந்தது. 1991இல், சிறு தீவு நாடுகளின் கூட்டணி சார்பில், கடல்மட்டம் உயர்வதால் நட்டமடையும் நாடுகளுக்கென ஒரு காப்புறுதி நிதியம் வேண்டும் என்ற யோசனையை அது முன்வைத்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சமவாயத்தில் அந்நிதியம் இடம்பெறவில்லை. 31 ஆண்டுகள் கழிந்தபின், 2022இல் எகிப்திலே கூடிய மாநாட்டில், இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் ஒன்றை அமைக்க உலக நாடுகள் இணங்கின. அதில் இடப்பட்ட பணம் தேவைக்குச் சிறிதும் போதாது. ஆயினும், ‘நடவாத காரியம்’ என்று ஒரு தலைமுறை தள்ளிவைத்ததை மறு தலைமுறை ஏற்கவேண்டி வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மாணவர் கதைக்கு வருவோம். 2019இல் தென் பசுபிக் சர்வகலாசாலையின் வனுவாட்டு வளாகத்திலே சட்டம் பயின்ற 27 மாணவர், பல தீவுகளிலிருந்து வந்தவர்கள், தமது வகுப்பிலே ஒரு கேள்வியை ஆராய்ந்தனர். காலநிலையைக் காப்பது நாடுகளின் நல்லெண்ணத்தைப் பொறுத்ததா, சட்டப்படியான கடமையா? கடமையெனின், அதனை மீறுவோருக்கு விளைவு என்ன? இதனை ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்கவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

கேட்பது எளிதன்று. அந்த நீதிமன்றத்தின் வாயிலில் மாணவர் போய் நிற்க முடியாது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை போன்ற அமைப்புகள் கேட்டாற்றான் இத்தகைய கேள்விக்கு நீதிமன்றம் கருத்துரை வழங்கும். 2011இல் பலாவு என்னும் மற்றொரு சிறு தீவு நாடு இம்முயற்சியைத் தொடங்கியிருந்தது. வல்லரசுகளின் எதிர்ப்பினிடையே அது கைகூடவில்லை. இந்த முன்கதையை அறிந்தும் அம்மாணவர் ஒரு சங்கம் அமைத்துப் பசுபிக் நாடுகளின் அரசாங்கங்களுக்குக் கடிதங்கள் எழுதினர். வனுவாட்டு அரசு செவிசாய்த்தது. இடையிலே கொரோனாத் தொற்று வந்து உலகை முடக்கிற்று. மாணவர் பட்டம் பெற்று வெளியேறினர். வேலையை மட்டும் கைவிடவில்லை. பிற நாட்டு இளைஞரும் சேர்ந்தனர். 2023 மார்ச் 29ஆம் நாள், 130க்கு மேற்பட்ட நாடுகள் கூட்டாக முன்மொழிந்த பிரேரணையைப் பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக ஏற்றது.

2024 டிசெம்பரில் விசாரணை நடைபெற்றது. 96 நாடுகளும் 11 சர்வதேச நிறுவனங்களும் தத்தம் வாதத்தை உரைத்தன. அந்த 27 மாணவரில் ஒருவரான, சொலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹௌனியுஹி என்னும் பெண்மணியும் நீதிபதிகள் முன் எழுந்து பேசினார். 2025 யூலை 23ஆம் நாள் நீதிமன்றம் தன் கருத்துரையை வழங்கியது. நீதிபதிகள் அனைவரும் ஏகமனதாக உடன்பட்டனர்.

அவர்கள் கூறியது யாது? காலநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமை. அக்கடமை உடன்படிக்கைகளில் மட்டுமன்றி, எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டத்திலும் உண்டு. ஆகவே உடன்படிக்கையினின்று விலகினும் கடமை விலகாது. சுவட்டு எரிபொருளை அகழ அனுமதிப்பதும் அதற்கு மானியம் வழங்குவதும் கூடச் சட்டமீறலாகலாம். காரணத் தொடர்பு நிரூபிக்கப்படின், ஊறு செய்த நாடு ஈடு செய்யவேண்டி வரலாம். கடல் நிலத்தை விழுங்கினும், அதனால் மட்டும் ஒரு நாடு நாடென்ற தகுதியை இழந்துவிட வேண்டுவதில்லை. பெரும் புகை விடும் சில நாடுகள், காலநிலை உடன்படிக்கைகளுக்கு அப்பால் வேறு கடமை தமக்கில்லை என்று வாதாடியிருந்தன. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

இங்கே பெரியோர் ஒருவர் எழுந்து, "தம்பி, அந்தக் கருத்துரை எவரையும் கட்டுப்படுத்தாதே, அதை நிறைவேற்றப் பொலிசு எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது கட்டளையன்று, கருத்துரையே. அது வெளிவந்த மறுநாளும் கடல் உயர்ந்துகொண்டுதான் இருந்தது. அம்மாணவரின் தீவுகளிற் சில காப்பாற்றப்படாமலும் போகலாம். இதை மறைத்துப் பேசினால் நாம் உங்களை ஏமாற்றியவராவோம்.

ஆயினும், கட்டுப்படுத்தாத கருத்துக்கு வலிமை இல்லை என்று கூறுவதற்கு முன், எமது நாட்டவர் ஒருவரை நினைவுகூர வேண்டும். நீதிபதி சி. ஜீ. வீரமந்திரி அவர்கள் இதே சர்வதேச நீதிமன்றத்தின் உபதலைவராக இருந்தவர். டான்யூப் நதியில் அணை கட்டுவது குறித்து ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் எழுந்த வழக்கிலே, 1997 செப்டெம்பரில், தீர்ப்புடன் தமது தனிக் கருத்து ஒன்றையும் எழுதிச் சேர்த்தார். இயற்கையைக் காத்து அபிவிருத்தி செய்தல் நேற்று முளைத்த கொள்கையன்று என்று காட்டுவதற்கு இலங்கையின் பழைய குளங்களையும் வாய்க்கால்களையும் அதில் எடுத்துக்காட்டினார். நிலத்தை ஆள்பவர் அதன் சொந்தக்காரர் அல்லர், காவலரே என்ற பழைய போதனையையும் உலக நீதிமன்றத்தின் ஏட்டிலே பதித்தார். அவருடைய தனிக் கருத்தும் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. அவர் 2017இல் மறைந்தார். 2025இன் கருத்துரையிலோ, நிலைபேறான அபிவிருத்தியும் தலைமுறைகளுக்கிடையிலான நீதியும் சட்டத்துக்குப் பொருள்கொள்ள வழிகாட்டும் நெறிகளாக இடம்பெற்றுள்ளன. ஒருவர் தனித்து எழுதியதை, 28 ஆண்டுகளின் பின் முழு மன்றமும் தன் மொழியிற் பேசுகின்றது.

ஆகவே நண்பர்களே, நம்பிக்கை என்பது நல்லது நடக்கும் என்று சோதிடம் கூறுவதன்று. முடிவு தெரியாத நிலையிலும், எம் கைக்கு எட்டிய வேலையைச் செம்மையாகச் செய்து அடுத்தவர் கையில் ஒப்படைப்பதே நம்பிக்கை. "ஒன்றும் நடவாது" என்று நாம் ஒதுங்கினால் மகிழ்பவர் யார்? தாமதத்தால் வாழ்பவர்களே. எமது சோர்வு அவர்களுக்கு நாம் செலுத்தும் வரி.

மேலும், இது முழு வெற்றி அல்லது முழுத் தோல்வி என்னும் ஆட்டமுமன்று. 1.5 பாகையிலே உலகின் பவளப்பாறைகளில் 70 முதல் 90 வீதம் அழியும் என்றும், 2 பாகையிலே 99 வீதத்துக்கு மேல் அழியும் என்றும் விஞ்ஞானிகள் கணித்துள்ளனர். அரைப் பாகைக்குள்ளே எத்தனை உயிர்! இப்போதுள்ள கொள்கைகள் தொடர்ந்தால் இந்நூற்றாண்டில் வெப்பம் 2.8 பாகை உயரும் என்று 2025இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் கூறியது. அது அச்சந்தரும் எண்ணே. ஆனால் பாரிஸ் உடன்படிக்கைக்கு முன் கணிக்கப்பட்ட எண் இதனிலும் பெரிது. குறைந்த அந்தப் பங்கு தானாகக் குறையவில்லை, மனிதர் குறைத்தனர்.

இனி எமது சங்கம் செய்யக்கூடியது யாது? பசுபிக் தீவினர் நீதிமன்றத்துக்குச் சட்ட வாதத்தோடு தமது ஊராரின் சாட்சியங்களையும் கொண்டு சென்றனர். கிணறு எப்பொழுது உவர்த்தது, பயிர் எப்பொழுது அழிந்தது என்று அறிந்தவர் ஊராரே. எமது குடாநாட்டிலும் வற்றாத ஆறு இல்லை. நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றோம். எந்தக் கிணறு எந்த ஆண்டில் உவர்த்தது, மாரி மழை எந்த நாளில் தொடங்கியது, கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்பன பெரியோராகிய உங்கள் நினைவில் உண்டு. அவை உங்களோடு மறைந்துவிடலாகாது. வாலிபராகிய நாம் கொப்பியும் பேனாவும் கொண்டு வீடு வீடாக வருவோம். நீங்கள் சொல்லுங்கள், நாம் எழுதுகிறோம். கிணற்று நீரின் உவர்ப்பை மாதந்தோறும் அளந்தும் குறிப்போம். எல்லாக் குறைக்கும் காலநிலையே காரணம் என்று எழுதமாட்டோம். அளவுக்கு மீறி நீரிறைத்த எமது குற்றத்தையும் எழுதுவோம். உண்மையான ஏட்டுக்கே நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு.

அந்த இரவில் கேட்ட நண்பர் இன்று இம்மண்டபத்தில் இருக்கின்றார். "எங்கட படிப்பாலை என்ன ஆகப்போகுது?" என்றார். 27 மாணவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை, நண்பரே. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை முதற் கிணற்றுக்குச் செல்கின்றோம். கொப்பி எம்மிடம் உண்டு. பேனாவுடன் வாருங்கள்.