பிள்ளை பெற்றவளின் மனம்

பிள்ளை பிறந்த வீட்டில் எல்லோருடைய கண்ணும் தொட்டிலின் மேலேயே இருக்கும். தாயிடம் நாம் கேட்பவை இரண்டே கேள்விகள்: பால் சுரக்கிறதா? பத்தியச் சாப்பாடு செல்லுகிறதா? அவள் மனம் எப்படியிருக்கிறது என்று கேட்பவர் அரியர்.

பேற்றுக்குப் பின் மூன்றாம் நாள், நான்காம் நாளில் காரணமின்றிக் கண்ணீர் வருவதுண்டு. உடலின் ஹார்மோன்கள் திடீரெனக் குறைவதும் உறக்கக் குறைவும் சேர்ந்து விளைக்கும் தளர்ச்சி அது. பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தானே தணியும். அதற்கு அப்பாலும் துயரம் நீடித்தால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், "நான் நல்ல தாயல்ல" என்று அவள் தன்னையே நொந்துகொண்டால், அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கக்கூடும். அது குணக்கேடு அன்று. பிள்ளைமேல் அன்பின்மையும் அன்று.

கோவாவில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பிள்ளை பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 23 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. வறுமையும் இல்லறப் பிணக்கும் அதனோடு பின்னியிருந்தன.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனி இடர் ஒன்று உண்டு. பேறுகாலம் பார்க்க வந்த அம்மா சில வாரங்களில் ஊர் திரும்பிவிடுவார். பிறகு கைக்குழந்தையோடு பகலெல்லாம் தனிமைதான். அண்டை வீட்டார் பரிவோடு விசாரித்தால், "டீக் ஹை" என்று சொல்ல அவளுக்குத் தெரியும். "நெஞ்சை அடைக்கிறது, எதுவும் பிடிக்கவில்லை" என்று சொல்ல அவள் கற்ற இந்தி போதாது. மருத்துவரிடத்திலும் இதே நிலைதான். துயரம் தாய்மொழியில் அன்றோ வாய் திறக்கும்!

ஆதலால், கேட்கவேண்டியவர் வீட்டிலுள்ள நாமே. "உலகத்தில் நீ ஒருத்திதான் பிள்ளை பெற்றாயா?" என்று வாயடைக்காமல், குறுக்கிடாது கேட்போம். இரவில் ஒரு வேளை கணவர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால், அவள் சற்றே உறங்குவாள். மருத்துவரிடம் உடன் சென்று, அவள் சொல்லை அப்படியே பெயர்த்துச் சொல்வோம். பேச்சு வழிச் சிகிச்சையும், வேண்டுமாயின் மருந்தும் உண்டு. தாய்ப்பால் கொடுக்கும்போதே உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உள்ளன. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் தோன்றினாலோ, மந்திரிப்பவரைத் தேடி நாளைக் கடத்தலாகாது. அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

இன்று மாலை வீடு திரும்பியதும், தொட்டிலை எட்டிப் பார்க்குமுன் தாயின் முகத்தைப் பார்ப்போம்.