கையெழுத்துக்கு முன் ஒரு அளவு டேப்



போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் நம் வாட்ச்மேன் அண்ணனும் அளவு டேப்போடு கீழே இறங்கினோம். பில்டரின் புதிய பிளானில் என் காருக்குக் காம்பவுண்டு சுவர் ஓரமாக இடம் காட்டியிருக்கிறார்கள். ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். பிளானில் உள்ள கோட்டைத் தரையில் சாக்பீஸால் போட்டு, வண்டியை உள்ளே விட்டேன். கதவு ஒரு சாண் திறந்தது, சுவரில் முட்டி நின்றது. முழங்கால் ஆபரேஷன் ஆன என் அத்தை அந்த ஒரு சாண் இடைவெளியில் எப்படி இறங்குவார்?

பில்டர் கேட்பது இதுதான். தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் ஸ்டில்ட்டின் முன்பக்கத்தில் ஆறு கார் நிற்கும் இடத்தைச் சுவர் வைத்து அடைத்து இரண்டு கடை கட்ட வேண்டும். அந்த ஆறு கார்களும் பக்கவாட்டுக் காலியிடத்துக்குப் போக வேண்டும். கடை வாடகையில் ஒரு பங்கு சங்கத்துக்கு வரும், மெயின்டெனன்ஸ் குறையும் என்கிறார்கள். பென்ஷனை நம்பி வாழ்பவர்களுக்கு அது பெரிய தொகை. சரி என்று சொன்னவர்கள் மேல் எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை.

ஆனால் அந்த ஸ்டில்ட் நமக்கு எப்படி வந்தது? ஒரு மனையில் இவ்வளவு சதுர அடிதான் கட்டலாம் என்று எஃப்.எஸ்.ஐ. கணக்கு இருக்கிறது. வண்டி நிறுத்த மட்டுமே திறந்து விட்ட ஸ்டில்ட்டை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் வண்டிகள் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக ஊர் கொடுத்த சலுகை அது. சலுகையை வாங்கிக்கொண்டு, கட்டி முடிப்பதற்குள் அந்த இடத்தில் ஷட்டர் போட்டால், ஊருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது? கடைக்கு வருகிறவர் வண்டியை எங்கே விடுவார்? நம் வாசலில், பள்ளிக்கூட வேன் திரும்பும் அந்த முனையில். அடுத்த தெருக்காரர்களை நான் இன்று இந்தக் கூட்டத்துக்கு அழைத்தது அதனால்தான்.

பக்கவாட்டுக் காலியிடமும் சும்மா விட்ட இடமல்ல. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே வர அந்த ஒரு வழிதான் இருக்கிறது.

மும்பையில் ஒரு ஹவுசிங் சொசைட்டி வழக்கில், 2010 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது. மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்புதான்; ஆனாலும் நாடு முழுக்க ஃபிளாட் வாங்கியவர்களுக்குத் தைரியம் தந்த தீர்ப்பு.

நம் கையில் 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா இருக்கிறது. அதன் 14-வது பிரிவைப் படியுங்கள். ஒப்புதல் வாங்கிய பிளானையோ பொது இடத்தையோ மாற்ற, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஒருவர் எத்தனை வீடு வாங்கியிருந்தாலும் ஒரே ஆள்தான். நம்மிடம் 48 வீடு. அதில் 9 ஒருவருடையது. மற்ற எல்லோருக்கும் ஒவ்வொன்று. ஆக நாம் 40 பேர். 27 கையெழுத்து வேண்டும். 9 வீட்டுக்கு 9 கையெழுத்து என்று யாராவது கணக்குக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

"சும்மா ஃபார்மாலிட்டிதான் சார், இங்கே ஒரு கையெழுத்து" என்று வீடு வீடாக ஒரு தாள் வருகிறது. மாடிப்படியில் நின்றபடி, பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடுகிற கையெழுத்தல்ல அது. புதிய பிளானோடு சேர்த்துக் கேளுங்கள். பழைய பிளான், ஒப்புதல் தந்த சி.எம்.டி.ஏ.வின் முத்திரையோடு, சங்க அறையில் மேசைமேல் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மறுபடியும் ஸ்டில்ட்டில் இருப்பேன். சாக்பீஸ் இருக்கிறது, டேப் இருக்கிறது. சாவியோடு வாருங்கள், உங்கள் வண்டியையும் அந்தக் கோட்டுக்குள் நிறுத்திக் கதவைத் திறந்து பார்ப்போம்.