பனிமலைச் சுனைகளை நாடி

தில்லியில் கோடை எப்படி இருக்கும் என்பதை இங்கு வாழும் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மே மாதம் பிறந்துவிட்டால் ‘லூ’ என்னும் அனற்காற்று, வீதியில் இறங்கியவன் முகத்திலே அறைகிறது. பிள்ளைகளின் விடுமுறையை முன்னிட்டு நம்மவரில் பலர் ஊருக்கு ரயிலேறிவிடுகின்றனர். டிக்கெட்டோ விடுப்போ கிடைக்காமல் இங்கேயே தங்கிவிடும் என் போன்றோருக்கு வேறொரு வழி உண்டு. ஓர் இரவுப் பிரயாணத் தொலைவில் இமயம் இருக்கிறது. அங்கே, மரங்கள் வளர்வது நின்றுபோகும் எல்லையை ஒட்டியும் அதற்கு மேலும், சாலை எட்டாத ஏரிகள் பல உள்ளன. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து நேரே பஸ் நிலையத்துக்குச் சென்று, அவ்வேரிகளை நடந்தே கண்டு திரும்பும் வழக்கம் தில்லி இளைஞரிடையே பெருகியிருக்கிறது. நான் இளைஞன் அல்லன். நாற்பதைக் கடந்த மொழிபெயர்ப்பாளன். ஆயினும் அவ்வழக்கம் என்னையும் பற்றிக்கொண்டது.

தொழில் தோஷத்தால் சொல்லைப் பற்றிச் சிறிது கூற அனுமதி வேண்டுகிறேன். ஏரி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது மனிதன் கட்டிய கரை, மதகு, கலிங்கு ஆகியவையே. மலை மேல் உள்ள ஏரிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியாறு மலையைக் குடைந்து பள்ளமாக்கியது. தான் இழுத்து வந்த கல்லையும் மண்ணையும் அப்பள்ளத்தின் வாயிலே குவித்தது. பின்னர்ப் பனி உருகிப் பின்வாங்கியபோது பள்ளத்தில் நீர் நின்றது. உயரத்தில் உள்ள ஏரிகளிற் பெரும்பாலானவை இவ்வாறு பிறந்தவையே. கரை போட்டதும் பனி, நீர் வார்ப்பதும் பனி. காஷ்மீரத்தில் இவற்றைச் ‘சர்’ என்பர், கட்வாலிலும் குமாவுனிலும் ‘தால்’, லடாக்கில் ‘ட்ஸோ’, தௌலாதார் மலைத்தொடரின் கத்தி இன இடையர் வாயில் ‘டல்’. நமக்குச் சுனை என்ற சொல் இருக்கிறது. அளவிற் சிறியதைக் குறிக்கும் சொல்தான்; ஆனாலும் மலையின் குளிர்ச்சி அதில் இருப்பதால் அதையே நான் விரும்புகிறேன்.

2023 ஜூன் மாதத்தில் என் முதல் முயற்சி பிருகு ஏரியை நோக்கி அமைந்தது. குலு மாவட்டத்தில், ரோதாங் கணவாய்க்குக் கிழக்கே, 4,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள ஏரி அது. பிருகு முனிவர் அதன் கரையில் தவம் செய்தார் என்பது ஐதிகம். என்னுடன் வந்தவர் எங்கள் அலுவலகத் தோழர், கும்பகோணத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், அன்றாடம் ஓடிப் பழகியவர். தடுமாறப் போவது நான்தான் என்று இருவருமே எண்ணியிருந்தோம்.

வெள்ளி மாலை புறப்பட்டுச் சனி காலை மணாலி, அங்கிருந்து ஜீப்பில் குலாபா, பிறகு நடை. அன்று மாலையே 3,700 மீட்டரை ஒட்டிய ரோலா கோலி என்னும் புல்வெளியில் கூடாரம் அடித்துவிட்டோம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரமே உள்ள தில்லியிலிருந்து புறப்பட்டு ஒரு நாள் முழுதாகியிருந்தது, அவ்வளவே. கணக்கிலே கெட்டிக்காரர்களாகிய நாங்கள் இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

அன்றிரவு தோழருக்குத் தலைவலி கண்டது; சாப்பிட்டதெல்லாம் வாந்தியாயிற்று. விடியற்காலையில் அவர், “சார், நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் படுத்திருக்கிறேன்” என்றார். கூடாரக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்த வழிகாட்டி, அதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஏரியோ இரண்டரை மணி நேர ஏற்றத்தில் இருந்தது. வழிகாட்டியைத் தோழருக்குத் துணையாக விட்டுவிட்டு, உதவிக்கு வந்த பையனுடன் நான் புறப்பட்டேன்.

புல் சரிவு முடிந்து பனித்திட்டு தொடங்கும் இடத்தில் மூச்சு வாங்க நின்றபோது, “அவர் காலையில் தண்ணீராவது குடித்தாரா?” என்று பையன் ஹிந்தியில் கேட்டான். என்னிடம் விடை இல்லை. குடித்தாரா என்று பார்க்காமலேயே நான் நாற்பது நிமிடம் நடந்து வந்திருந்தேன். உடனே திரும்பினோம். நாங்கள் சேர்ந்தபோது, எழுந்து நிற்க முயன்ற தோழர் கள்ளுண்டவர் போல் தள்ளாடினார். அதன் பொருளை மருத்துவர் ஒருவரிடம் பின்னரே அறிந்தேன். தலைவலியும் குமட்டலும் முதல் எச்சரிக்கை. நடை தடுமாறுவதும் பேச்சுக் குழறுவதும் மூளையில் நீர் கோக்கும் அறிகுறியாகலாம். படுத்திருக்கும் நிலையிலும் மூச்சு முட்டினால் நுரையீரலில் நீர் சேர்வதாகலாம். இரண்டும் உயிரைக் கொள்ளக்கூடியவை. இரண்டுக்கும் முதற் சிகிச்சை, தாமதியாமல் கீழே இறங்குவது. வழிகாட்டி தோழரின் மூட்டையையும் தாமே சுமந்துகொண்டு முன்னே நடந்தார். குலாபாவை அடைந்தபோது தோழர் தேநீர் கேட்டார். அந்த நாற்பது நிமிடங்களைப் பற்றி அவர் இன்றுவரை என்னிடம் பேசியதில்லை. நானே இங்கு சொல்லிவிட்டேன்.

4,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 60 பங்கே. மூச்சு வேகமெடுத்து, இரத்தம் தன்னைத் திருத்திக்கொண்டு, உடல் அதற்குப் பழக நாட்கள் ஆகும். 3,000 மீட்டருக்கு மேலே, ஓர் இரவு உறங்கிய இடத்துக்கும் மறுநாள் உறங்கும் இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது என்பது மருத்துவர்கள் வகுத்த பொது விதி. இளமையும் தேகப் பயிற்சியும் இதற்குக் காப்பு ஆகா. இதற்கென மாத்திரை உண்டு. மருத்துவரைக் கேளாமல் அதை விழுங்கவும் கூடாது. சனி, ஞாயிறு என்னும் இரண்டு நாட்களுக்குள் 4,000 மீட்டரைத் தொட்டுத் திரும்ப ஆசைப்படுவது அலுவலக நாட்காட்டிக்குப் பொருந்தலாம். உடலுக்குப் பொருந்தாது என்பது என் முடிவு.

வார இறுதிக்கு ஏற்றது உயரங் குறைந்த ஏரி. 2024 ஜூனில் பக்ரீத் திங்கட்கிழமையில் வந்தது. கரேரிக்குப் போகலாம் என்றவர் அதே தோழர்தான். கரேரி! கேட்டவுடன் தமிழ்க் காதில் ஏரி விழுகிறது. வெறும் ஒலி ஒற்றுமைதான். இருந்தாலும் பஸ்ஸில் பாதி வழி அதைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம். காங்கடா மாவட்டத்தில், தர்மசாலாவுக்கு அப்பால், 2,934 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. தில்லியிலிருந்து தர்மசாலா ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இம்முறை முதல் இரவைக் கரேரி கிராமத்திலேயே கழித்தோம்.

கிராமத்திலிருந்து ஏரிவரை சுமார் 13 கிலோமீட்டர் நடை. நியுண்ட் என்னும் ஓடையை ஒட்டிப் பாதை ஏறுகிறது. முதலில் பைன் மரங்கள், பிறகு கருவாலியும் புருஷ் மரங்களும். பாதிக்கு மேல் மண் பாதை மறைந்து பாறைப் பாதையாகிவிடுகிறது. வழியில் ஒரு மந்தைக்கு ஒதுங்கி நின்றோம். இடையிலே கறுப்புக் கம்பளிக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய கத்தி இடையர், வெள்ளாடும் செம்மறியுமாக ஓட்டிக்கொண்டு சென்றனர். உடன் வந்த நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை. சிறுத்தை கழுத்தைக் கவ்வாதிருக்க அந்த ஏற்பாடு. ஏரிக்கு அப்பால் 4,250 மீட்டர் உயர மின்கியானி கணவாய் வழியே சம்பாவுக்குள் இறங்கி, இலையுதிர் காலத்தில்தான் திரும்புவர். நமக்கு வார இறுதி உல்லாசம். அவர்களுக்கு அது பிழைப்பின் பாதை.

பிற்பகல் மூன்று மணிக்கு ஏரி தெரிந்தது. பெரிதன்று, நம் ஊர்க் கோயில் தெப்பக்குளங்கள் சில அதனினும் பெரியவை. ஆழமும் குறைவே. நீர் பச்சையா நீலமா என்று முடிவு செய்வதற்குள் மேகம் மாறிவிடுகிறது. கரை மேட்டிலே சிறிய சிவன் கோயில். எதிரே தௌலாதார்ச் சரிவின் பிளவுகளில் பழைய பனி மிச்சமிருந்தது. தோழர் செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் காலை வைத்தார். பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். அப்புறம் இருவரும் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். அந்தப் பொட்டலத் தாளைத் திரும்பக் கொண்டுவந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். கொண்டுவராதோர் பலர் என்பது பாறை இடுக்குகளில் தெரிந்தது.

போக விரும்பும் நேயர்கள் ஜூன் நடுப்பகுதிக்குள்ளோ செப்டம்பர் பிற்பகுதியிலோ செல்க. இடைப்பட்ட மழைக்காலத்தில் வேண்டாம். 2021 ஜூலை 12 அன்று தர்மசாலாவை அடுத்த பாக்சு நாக்கில் திடீர் வெள்ளம் கார்களை உருட்டிச் சென்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் ஜூனிலும் தேவை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூலி பேசி அழைத்துச் செல்வதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பிருகு ஏரியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. இம்முறை வழியில் மணாலியில் இரண்டு இரவுகள் தங்குவதென்று தோழரும் நானும் பேசி, ஆளுக்கு ஐந்து நாள் விடுப்புக் கேட்டிருக்கிறோம். இரண்டு விண்ணப்பங்களும் மேலதிகாரியின் மேஜையில் இருக்கின்றன.