சாவியை எடுத்த பிறகும் ஓடும் மின்சாரம்

சென்னை ஜி.பி. ரோட்டில் வண்டிச் சாமான் கடைகளின் முகப்பைப் பார்த்தால் ஹார்ன், கண்ணாடி, சீட் கவர் ஆகியவற்றோடு சரிசமமாக இப்போது மொபைல் சார்ஜரும் தொங்குகிறது. ஹேண்டில்பாரில் திருகிவிடும் ஒரு சின்ன டப்பா, அதிலிருந்து இறங்கும் சிவப்பும் கறுப்புமான இரண்டு வயர், அவ்வளவுதான். சாப்பாடு டெலிவரி செய்பவருக்கும் பைக் டாக்சி ஓட்டுபவருக்கும் இது வெறும் அலங்காரம் இல்லை. நாள் முழுக்க மேப் ஓடும் போன் மதியத்திலேயே படுத்துவிட்டால், அன்றைய வருமானமும் படுத்துவிடும்.

கம்பெனிகளும் இதைக் கண்டுகொண்டன. 2020இல் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 ஹேண்டில்பாரிலேயே யுஎஸ்பி வசதியோடு வந்தது. மூட்டை ஏற்றப் பிறந்த டிவிஎஸ் எக்ஸ்எல் 100இல்கூட மொபைல் சார்ஜர் வந்துவிட்டது. ஆனால் தெருவில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை பழையவை. அவற்றுக்கு வெளியில் வாங்கி மாட்டுவதுதான் வழி.

மாட்டப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, 'பேட்டரியைத் தின்னுடுமா?' என்பது. கணக்கு எளியது. சாதாரண சார்ஜர் போனுக்குக் கொடுப்பது 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட். நடுவில் வீணாகும் சூட்டையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது இழுப்பது சுமார் 1 ஆம்பியர். 35 வாட் ஹாலஜன் ஹெட்லைட் ஏறக்குறைய இதைப்போல மூன்று மடங்கு இழுக்கும். அந்த ஹெட்லைட்டை 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் அணைக்கவே முடியாது. பகலிலும் எரிந்தாக வேண்டும் என்பது சட்டம். என்ஜின் ஓடும்போது ஸ்டேட்டர் காயில் இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளும். போன் சார்ஜர் அதற்கு ஒரு சுமையே இல்லை.

என்ஜின் நின்றுவிட்டால் கதை வேறு. 100 சிசி வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 3 ஆம்பியர்-மணி அளவிலான சின்ன பேட்டரி. அதில் மொத்தமே 36 வாட்-மணி மின்சாரம்தான். இன்றைய 5000 மில்லிஆம்பியர்-மணி போனை நிரப்ப, வீணாவதையும் சேர்த்து, 22 வாட்-மணி போல வேண்டும். டீக்கடை வாசலில் சாவியை ஆன் செய்தபடி போனை முழுக்க ஏற்றினால், வண்டி பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. பிறகு செல்ஃப் எங்கே எடுக்கும்?

இதைவிடப் பொல்லாதது, சாவியை எடுத்த பிறகும் ஓடும் மின்சாரம். போன் செருகாவிட்டாலும் சார்ஜருக்குள் இருக்கும் சர்க்யூட் விழித்துத்தான் இருக்கும். நீல விளக்கும் வோல்ட் காட்டும் எண்களும் உள்ள சார்ஜராக இருந்தால் இன்னும் கூடுதல். அது 20 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி போய்விடும். சார்ஜரை நேரடியாக பேட்டரியில் கட்டிய வண்டியை ஊருக்குப் போகும்போது ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பேட்டரி செத்திருக்கும். அடிமட்டம்வரை இறங்கிய ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மறுபடி ஏற்றினாலும் பழைய பலம் வராது. 2020இல் பிஎஸ் 6 மாசு விதி வந்தபின் பெட்ரோலை அனுப்பும் பம்ப்பே பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. கிக்கர் இல்லாத வண்டிகளும் பெருகிவிட்டன. பேட்டரி அடியோடு இறங்கிய இன்ஜெக்‌ஷன் வண்டியை இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் கிளம்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

அதனால்தான் விவரமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் பேட்டரியின் பக்கமே முதலில் போகமாட்டார். ஹெட்லைட் டூமைக் கழற்றி, உள்ளே சுருண்டு கிடக்கும் வயர்களை வெளியே இழுப்பார். கையில் டெஸ்ட் லாம்ப்; ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர். ஒரு முனையை எர்த்தில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பார். சாவி போட்டால் எரிந்து, எடுத்தால் அணைகிற வயர் எதுவோ அதுதான் அவர் தேடுவது. ஹார்ன் லைனோ பிரேக் லைட் லைனோ பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்கும். சார்ஜரை அதில் இணைத்துவிட்டால் சாவியோடு அதுவும் தூங்கிவிடும். கேடிஎம் 390 அட்வென்ச்சர் போன்ற சில வண்டிகளில் இந்த வேலைக்கென்றே கம்பெனி கப்ளர் விட்டிருக்கிறது. அங்கே ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை, வாரன்டி தகராறும் வராது.

அடுத்து ஃபியூஸ். 10 ரூபாய் சாமான், ஆனால் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். ஃபியூஸ் காப்பாற்றுவது போனை அல்ல, வயரை. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதுமே பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்திருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப, கழுத்துப் பகுதியில் உரசி உரசி வயரின் தோல் தேய்ந்து, செம்பு இரும்பைத் தொட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட். சின்ன பேட்டரிதான் என்றாலும், மெல்லிய வயரைப் பழுக்கக் காய்ச்ச அது போதும். மேலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. லைன் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, கழுத்தில் வயரைக் கொஞ்சம் தளர்த்தி விட்டு, ஜாயின்ட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுவதில் கால் மணி நேரம் கூடுதலாகும். கருப்பு டேப்பை மட்டும் சுற்றி அனுப்பினால் இரண்டு வெயில் காலத்தில் அதன் பசை உருகி வழிந்துவிடும்.

உண்மையான சுமை சார்ஜர் அல்ல, ஃபாக் லைட்டும் பெரிய ஹார்னும்தான். 20 வாட் எல்இடி இரண்டு போட்டால் 3 ஆம்பியருக்கு மேல். ஹேண்டிலில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாகவே இதை ஓட்டினால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாளடைவில் உருகும். இங்கேதான் ரிலே வருகிறது. சுவிட்ச் வழியாகப் போகும் சொற்ப மின்சாரம் ரிலேயின் காந்தச் சுருளை மட்டும் இயக்கும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே விளக்குக்குப் போகும். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். அவை டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரநிலையில் வகுக்கப்பட்டவை. அந்தப் பெயரைக் கேள்விப்படாத மெக்கானிக்கும் '87ல விளக்கு, 30ல பேட்டரி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ராகம் பாடும் ஹார்ன் மட்டும் வேண்டாம். அடுத்தடுத்து வேறு வேறு சுரம் எழுப்பும் ஹார்னை மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன.

சார்ஜர் வாங்கும்போது நீல விளக்கைப் பார்ப்பதைவிட ரப்பர் மூடியைப் பார்ப்பது நல்லது. மழைநீர் புகுந்த துளையில் பச்சைக் களிம்பு பிடித்துவிட்டால் அதோடு சரி. போனுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. பைக் என்ஜினின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவின் குவியத்தையும் நடுக்கத் தடுப்பையும் காலப்போக்கில் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் மவுன்ட்டுக்குச் செலவு செய்வதில் தப்பில்லை.

வேலை முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கலாம். என்ஜின் ஓட, விளக்கெல்லாம் எரிய, பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தும் 13க்குக் கீழேயே நின்றால், மாட்டியது அதிகம், இல்லையென்றால் ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) போய்விட்டது. பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். ஓரிரு மில்லிஆம்பியர் காட்டினால் பரவாயில்லை. 20 காட்டினால் ஹெட்லைட் டூமை மறுபடியும் கழற்றச் சொல்ல வேண்டியதுதான்.