வெள்ளி கொடுத்து வாங்கிய பாடம்

(பழம்பொருள் சேகரிப்பு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓர் அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



நம் ஊரில் பணத்துக்கும் வெள்ளி என்றுதான் பெயர். அந்த வெள்ளியைக் கொடுத்து, வெள்ளி அல்லாத ஒன்றை வாங்கி வந்தவன் நான். அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழம்பொருள் சந்தையில் மீன் வடிவத் தட்டு ஒன்றைப் பார்த்தேன். செதில் செதிலாக நீலமும் பச்சையுமாகக் கற்கள் பதித்திருந்தன. பின்புறம் இரண்டு சொற்கள்: அல்பக்கா, மெக்சிகோ. ‘அல்பக்கா’ என்பது செய்த கலைஞரின் பெயர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். விலை 380 வெள்ளி. காரின் சாலை வரிக்கும் காப்புறுதிக்கும் ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. இருந்தும் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தட்டு கறுத்திருந்தது உறுத்தியது. அம்மா குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளியும் எலுமிச்சையும் கலந்து இரவெல்லாம் ஊற வைத்தேன். காலையில் உலோகம் பளபளத்தது. ஆனால் பச்சைக் கற்கள் பொலிவிழந்து வெளுத்திருந்தன. இரண்டு கற்கள் கழன்றிருந்தன. ஒன்று தண்ணீரோடு போயே விட்டது.

எங்கள் வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகள் பத்தர் வேலை பார்த்த பெரியவரிடம் ஓடினேன். தட்டைக் கையில் எடுத்ததுமே சொன்னார்: “தம்பி, இதுல வெள்ளி ஒரு குண்டுமணிகூட இல்ல.” எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவரோ பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “ஆனா, கல்ல உட்கார வச்சவன் நல்ல வேலக்காரன்.”

அந்த ஒரு சொல்தான் என்னை மெக்சிகோவைப் பற்றிப் படிக்க வைத்தது.

முதலில், அல்பக்கா ஆளின் பெயரே அல்ல. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த உலோகத்தின் பெயர். பார்வைக்குத்தான் அது வெள்ளி.

மெக்சிகோவின் குரேரோ மாநிலத்தில் தாஸ்கோ என்ற மலையூர் இருக்கிறது. ஸ்பெயின் ஆட்சிக் காலம் தொட்டே அங்கு வெள்ளிச் சுரங்கங்கள் உண்டு. 1929-இல் அங்கு குடியேறிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வில்லியம் ஸ்பிராட்லிங், 1931-இல் ஒரு பட்டறை தொடங்கினார். ஐரோப்பிய நாகரிகத்தைப் பின்பற்றாமல், ஸ்பானியர் வருவதற்கு முன்பிருந்த மெக்சிகோ மக்களின் உருவங்களை எடுத்து, அவற்றை எளிய, நவீனக் கோடுகளாக்கினார்.

கல் பதிப்பது அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1932-இல் தொல்லியலாளர் அல்போன்சோ காசோ, மொந்தே ஆல்பான் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் திறந்தார். தங்க நகைகளோடு, டர்க்காய்ஸ் எனும் நீலப்பச்சைக் கல் துண்டுகள் ஒட்டிய மண்டையோடும் கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சரக்கு நின்றபோது, அமெரிக்கக் கடைகள் தாஸ்கோவை நாடின.

ஸ்பிராட்லிங் பட்டறையில் தொழில் கற்றவர்களே பிறகு தனிப் பட்டறை வைத்தார்கள். அந்தோனியோ காஸ்தியோ தம் சகோதரர்களோடு 1939-இல் தொடங்கிய ‘லோஸ் காஸ்தியோ’ அவற்றுள் ஒன்று. வெள்ளி, செம்பு, பித்தளை ஆகியவற்றை ஒரே தளத்தில் இணைக்கும் வேலைக்கு அது பெயர் பெற்றது. அதை ‘திருமணம் செய்த உலோகங்கள்’ என்றே அழைத்தார்கள். வெள்ளி முலாம் பூசிய கூசாக்களில் கல் பதித்த கிளிகளைக் கைப்பிடியாக வைத்ததும் அவர்கள்தான். மெக்சிகோ நகரில் பெப்பே மெண்டோசா, 1950-களில் பித்தளை வார்ப்பில் நீலப்பச்சைப் பதிப்பு வைத்துக் கதவுப் பிடிகளும் விளக்குகளும் செய்தார். ஆக, வெள்ளி இல்லை என்பதாலேயே ஒரு பொருள் மட்டமாகிவிடாது.

அப்படியானால் சேகரிப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

முத்திரையைப் பாருங்கள், ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். 1940-களின் பிற்பகுதியிலிருந்து மெக்சிகோ வெள்ளியில் கழுகு முத்திரை இடம்பெற்றது. 1979-க்குப் பிறகு எழுத்தும் எண்ணும் கொண்ட பதிவு முறை வந்தது. இது காலத்தை ஊகிக்க உதவும். ஆனால் ஸ்பிராட்லிங்கின் முத்திரையையே போலியாக அடித்து விற்றவர்கள் உண்டு.

அடுத்து, கல் அமர்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். நல்ல வேலையில் கல், உலோகக் குழிக்குள் அளந்து வெட்டியது போல உட்கார்ந்திருக்கும். விரலால் தடவினால் உலோகம் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் நிறம், அதனதன் ரேகை இருக்கும். தூளைப் பசையில் குழைத்து நிரப்பியிருந்தால், ஒரே மாதிரிப் புள்ளிகளும் சில வேளைகளில் காற்றுக் குமிழ்களும் தெரியும்.

மூன்றாவது, என்னைப் போல ஊற வைக்காதீர்கள். மலக்கைட் என்ற பச்சைக் கல் செம்புச் சேர்மம். புளிப்பு பட்டால் அரிக்கும். டர்க்காய்ஸ் நுண்துளை உள்ள கல். எண்ணெயையும் அழுக்கையும் உறிஞ்சும். நீரில் ஊறினால் பழைய பசை விட்டுவிடும். உலர்ந்த மென்மையான துணி போதும். கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்; பள்ளங்களில் தங்கிய கறுப்புதான் கோடுகளை எடுத்துக் காட்டுகிறது.

பட்டறைக்காரரின் பெயராவது முத்திரையில் இருக்கும். கல்லை வெட்டி, தேய்த்து, உட்கார வைத்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. அவர் விட்டுப்போன ஒரே சாட்சி அந்த வேலைதான். அதைத்தான் நான் ஓர் இரவில் புளித்தண்ணீரில் கரைக்கப் பார்த்தேன்.

பெரியவர் மிஞ்சிய கல்லைப் பழைய இடத்திலேயே வைத்துக் கொடுத்தார். காலியான குழிக்கு நீல நிறத்தில் ஏதாவது வைத்து அடைக்கலாமா என்று கேட்டேன். “அவன் வேலையில நான் ஏன் பொய் வைக்கணும்?” என்றார். கூலியும் வாங்கவில்லை.

அந்தக் குழி அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். நானும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வாங்குவதற்கு முன் பொருளைக் கையில் எடுத்து, செய்தவரின் வேலையைப் படியுங்கள். விலையைப் பிறகு கேட்கலாம். காருக்கான பணத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.